டூலா தேவையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

முதல் குழந்தையைச் சுமந்து ஏழாம் மாதத்தில் இருக்கும் ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. பிரசவ அறையில் கணவர் உடன் இருக்க மருத்துவமனை அனுமதிக்கிறது. டூலா, அதாவது பிரசவத்தின்போது உடனிருந்து தைரியமும் உதவியும் தருவதற்கென்று அமர்த்தப்படும் பெண், அவசியமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்மையில் பிள்ளை பெற்ற தோழியோ, டூலா இல்லாதிருந்தால் தன்னால் தாக்குப்பிடித்திருக்கவே முடியாது என்கிறார். கட்டணமும் சிறிய தொகை இல்லை. இந்த நிலையில் பணம் கொடுத்து ஒருவரை அமர்த்துவதால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது அந்தப் பணத்தைக் குழந்தைக்கென்று எடுத்துவைப்பதே மேலா?

பிரசவ அறைச் செவிலியராக நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில், டூலா உடனிருந்த பிரசவங்களையும் இல்லாத பிரசவங்களையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டூலா நல்லதா என்று கேட்பதற்கு முன், வலி எடுத்த நேரத்திலிருந்து குழந்தை பிறந்து முதல் முறை பால் குடிக்கும் வரை உங்கள் பக்கத்தை விட்டு நகராமல் இருக்கப்போவது யார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒருவர் பிரசவம் எப்படிப் போகும் என்பதை ஓரளவு அறிந்தவராகவும், நீங்கள் வலியில் கதறும்போது பதறாதவராகவும் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் ஏற்கெனவே அமைந்திருந்தால் டூலா ஒரு கூடுதல் வசதி, இல்லாவிட்டாலும் குறையில்லை. அமையவில்லை என்றால், கையில் பணமும் இருந்தால், பிரசவத்தை ஒட்டிச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது அதிகம் இல்லை என்பேன்.

டூலாவின் வேலை எது என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. அவர் மருத்துவச்சி அல்லர். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பரிசோதிப்பது, குழந்தையின் இதயத் துடிப்பைக் கணிப்பது, மருந்து கொடுப்பது, குழந்தையை வாங்கி எடுப்பது ஆகிய எதுவும் அவருடைய பொறுப்பில்லை. நல்ல டூலா, கேட்டுக்கொண்டாலும் இவற்றைச் செய்யமாட்டார். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இரண்டொரு முறை உங்களைச் சந்தித்து, உங்களுக்கு எது அச்சம், எது விருப்பம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். வலி நிலைபெற்றதும் வந்து சேர்ந்து, பிரசவம் முடியும் வரை இருப்பார். பிறந்த பின் முதல் ஓரிரு மணி நேரம் பால் கொடுக்க உதவிவிட்டுப் போவார். பிறகொரு நாள் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் மட்டும் தாய்க்கும் குழந்தைக்கும் உதவ வரும் டூலாக்கள் தனி. அவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை.

இந்த உதவியின் பயனை ஆராய்ந்த ஆய்வுகள் பல உண்டு. மார்ஷல் கிளவுஸ், ஜான் கென்னல் என்ற குழந்தை மருத்துவர்கள் இருவரும் சகாக்களும் குவாத்தமாலாவில் நடத்திய ஆய்வு 1980இல் வெளியானது. அங்கே பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருடன், முன்பின் அறிமுகமில்லாத, பயிற்சியும் பெறாத ஒரு பெண் உடன் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டு, பேச்சுக்கொடுத்துக்கொண்டு இருந்தார். சிக்கல் ஏதுமின்றிப் பிரசவித்த பெண்களை ஒப்பிட்டபோது, துணை இல்லாதவர்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கச் சராசரியாக 19.3 மணி நேரமும், துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரமும் ஆகியிருந்தன. ஆய்வு சிறியது, ஒப்பிடப்பட்டவர்கள் சிலரே. ஆகவே அந்த எண்ணை அப்படியே உங்கள் பிரசவத்தின் மீது வைத்துப் பார்க்கக் கூடாது. ஆனால் அது எழுப்பிய கேள்வி பெரியது.

அதே குழுவினர் அமெரிக்காவின் ஹூஸ்டனில், முதல் பிரசவத்துக்கு வந்த ஆரோக்கியமான 600க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வையே நான் அதிகம் மதிக்கிறேன். அதில் பெண்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். முதல் பிரிவினருடன் டூலா இருந்தார். இரண்டாம் பிரிவினர் இருந்த அறையில் ஒரு பெண் ஒதுங்கி உட்கார்ந்து நடப்பதைக் குறித்துக்கொண்டிருந்தார். அவர் பேசவுமில்லை, தொடவுமில்லை. மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. சிசேரியன் ஆனவர்கள் முறையே 8, 13, 18 சதவீதம். இங்கே நடுவில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். ஒன்றுமே செய்யாமல் ஒரு மனிதர் அறையில் இருந்ததற்கே பலன் கிடைத்திருக்கிறது. அவர் அருகில் வந்து கையைப் பிடித்தபோது பலன் கூடியிருக்கிறது. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைத் தனியே விட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இதே திசையில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 13 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 6,900 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்களே தொடர்ந்து உடன் இருந்து ஆதரவு கொடுத்தனர். சிசேரியன் விகிதம் ஒரு பக்கம் 12.5, மறு பக்கம் 12.6 சதவீதம், வித்தியாசமே இல்லை. மருத்துவமனையின் நடைமுறையும் அவசரமும் அந்தச் செவிலியரையும் ஆட்டிவைக்கும் என்பதுதான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று, அந்த வேலையைச் செய்தவளாக நான் நம்புகிறேன். நானே ஒரு பெண்ணின் அருகில் நின்றாலும், என் ஒரு கண் கண்காணிப்புக் கருவியின் மீதும், ஒரு காது அடுத்த அறையின் மீதும், கை பதிவேட்டின் மீதும் இருக்கும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு இந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வில் 17 நாடுகளைச் சேர்ந்த 15,800க்கும் மேற்பட்ட பெண்கள் அடங்குவர். தொடர் துணை கிடைத்தவர்களுக்கு சிசேரியன் வாய்ப்பு சுமார் கால் பங்கு குறைந்திருந்தது. பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடம் போலக் குறைந்திருந்தது. வலி மருந்து தேவைப்பட்டவர்கள் சற்றுக் குறைவு. பிரசவ அனுபவத்தைக் கசப்பானது என்று சொன்னவர்கள் கணிசமாகக் குறைவு. தீங்கு நேர்ந்ததாகச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுவதில் தெளிவான மாற்றம் இல்லை. சான்றின் தரம் உயர்ந்தது இல்லை என்று மதிப்பாய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். துணை இருக்கிறாரா இல்லையா என்பதைத் தாயிடமிருந்தோ செவிலியரிடமிருந்தோ மறைத்து ஆய்வு செய்ய முடியாது அல்லவா. கால் பங்கு என்பதன் பொருளையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நூறு பேரில் இருபது பேருக்கு சிசேரியன் ஆகும் இடத்தில் அது பதினைந்தாகக் குறையலாம். மற்ற எண்பது பேருக்கு எப்படியும் சிசேரியன் ஆகியிருக்காது. அந்தப் பதினைந்து பேருக்கு டூலா இருந்தும் ஆகும். ஆகவே டூலாவை அமர்த்துவது சிசேரியனுக்கு எதிரான காப்பீடு ஆகாது. அப்படிச் சொல்லி யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தான் விரும்பும் ஒரு துணை ஒவ்வொரு பெண்ணுக்கும் பிரசவம் முழுவதும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அந்தத் துணை கணவராகவோ, தாயாகவோ, தோழியாகவோ, டூலாவாகவோ இருக்கலாம். யாராவது இருக்க வேண்டும் என்பதுதான் பரிந்துரை.

இனி, ஒருவர் உடன் இருப்பதால் உடம்புக்குள் என்ன மாறுகிறது என்று பார்ப்போம். கருப்பை சுருங்கி விரிவதற்கு ஆக்சிடோசின் என்ற சுரப்பு வேண்டும். அச்சமும் பதற்றமும் அட்ரினலினைக் கூட்டும். அது கூடினால் வலி வருவது தடுமாறும், தசைகள் இறுகும், அதே வலி இன்னும் கடுமையாகத் தெரியும், அதனால் அச்சம் மேலும் கூடும். தெரிந்த குரல் ஒன்று, பழகிய கை ஒன்று அருகில் இருந்தால் இந்தச் சுழல் தொடங்கும் இடத்திலேயே தளர்ந்துவிடுகிறது. இதற்கு மேல் இருப்பவை மிகச் சாதாரணமான, ஆனால் யாராவது நினைவு வைத்துச் செய்தாக வேண்டிய வேலைகள். எழுந்து நடக்கச் செய்வது, படுத்தே கிடக்கவிடாமல் முன்னால் சாய்ந்து நிற்கவைப்பது, ஒரு மிடறு தண்ணீர் கொடுப்பது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குழந்தையின் தலை இறங்குவது தடைபடும். ஆனால் வலியில் இருப்பவளுக்குச் சிறுநீர் முட்டுவதே தெரியாது. மணிக்கொரு முறையாவது கழிவறைக்கு அழைத்துப் போக ஒருவர் வேண்டும்.

குழந்தையின் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பியிருக்கும் பிரசவங்களில் வலி பெரும்பாலும் முதுகின் அடியில் பிடித்துக்கொள்ளும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையிலும் அது முழுவதும் விடாது. அனுபவமுள்ள டூலா அந்தப் பெண்ணை முழங்காலிட்டு முன்னே சாயவைத்து, இடுப்புக்கு நடுவிலுள்ள முக்கோண எலும்பின் மீது உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றித் தன் உடல் பாரம் முழுவதையும் அதில் இறக்குவார். வலி ஏறும்போது அழுத்தம் ஏறும். இறங்கும்போது மெல்ல விடுவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் அழுத்தம், இரண்டு மூன்று நிமிட ஓய்வு, மறுபடியும் அழுத்தம் என்று மணிக்கணக்கில் இது போகும். அவர் கை ஓய்ந்தால், எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கணவரின் கையைப் பிடித்துக் காட்டிவிட்டுத் தான் முன்பக்கம் போய் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே உட்காருவார். இதை ஒரு செவிலியரால் செய்ய முடியாது என்பது இல்லை. பணி நேரத்தில் இரண்டு மூன்று தாய்மாரைப் பார்த்துக்கொள்ளும் செவிலியருக்கு அத்தனை மணி நேரம் கிடைக்காது.

கணவர் இருக்கும்போது டூலா எதற்கு என்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடுத்தர வர்க்கத் தம்பதியரை வைத்துச் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் தருகிறது. முதல் பிரசவத்துக்கு வந்த 420 பெண்களில் எல்லாருக்குமே கணவரோ வாழ்க்கைத் துணையோ உடன் இருந்தார். ஒரு பகுதியினருக்கு மட்டும் டூலாவும் சேர்ந்துகொண்டார். டூலா இருந்தவர்களில் 13.4 சதவீதத்தினருக்கும் இல்லாதவர்களில் 25 சதவீதத்தினருக்கும் சிசேரியன் ஆனது. அந்த ஆண்களும் டூலா இருந்ததை வரவேற்றே பேசியிருந்தனர். எனக்கு இது வியப்பளிக்கவில்லை. கணவருக்கும் அது முதல் பிரசவம். அவர் நேசிக்கும் பெண் அவர் இதுவரை கேட்டறியாத குரலில் அலறும்போது, இது இயல்பானதுதானா என்று அவர் யாரிடம் கேட்பார்? அவருக்குப் பசிக்கும், உறக்கம் வரும், கழிவறைக்குப் போக வேண்டும். டூலா இருந்தால் அவர் வழிகாட்டியாக இருக்க வேண்டிய சுமை நீங்கிக் கணவராக மட்டும் இருக்கலாம். ஆனால் சில டூலாக்கள் கணவரை ஓரங்கட்டிவிடுவதும் உண்டு. ஆகவே முதல் சந்திப்பிலேயே கணவரையும் அழைத்துப் போங்கள். அவரிடம் அந்த டூலா எத்தனை முறை நேராகப் பேசுகிறார் என்று கவனியுங்கள். கணவருக்குப் பிடிக்காத ஒருவரை அமர்த்தாதீர்கள். அந்த அறையில் இரண்டு அணி உருவாவதைவிட டூலா இல்லாமலிருப்பது மேல்.

இப்போது, பலர் கவனிக்காமல் விடும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிரசவம் எப்படி முடியும் என்பதை டூலாவைவிட அதிகமாகத் தீர்மானிப்பது நீங்கள் எந்த மருத்துவமனையில், எந்த மருத்துவரிடம் பிரசவிக்கிறீர்கள் என்பதே. அமெரிக்காவில் 593 மருத்துவமனைகளின் பதிவுகளை அலசி 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சிக்கல் குறைவான கர்ப்பிணிகளிடையே மட்டும் பார்த்தாலும் சிசேரியன் விகிதம் ஒரு மருத்துவமனையில் 2.4 சதவீதமாகவும் இன்னொன்றில் 36.5 சதவீதமாகவும் இருந்தது. பெண்களின் உடம்பு ஊருக்கு ஊர் இப்படி மாறுவதில்லை, நடைமுறைதான் மாறுகிறது. தேவையில்லாமல் வலி வரவைப்பது, கட்டிலைவிட்டு இறங்கவிடாதது, நேரக் கணக்குப் பார்த்து அவசரப்படுவது ஆகியவை ஊறிப்போன இடத்தில் ஒரு டூலா வந்து நின்று எதையும் பெரிதாக மாற்றிவிட முடியாது. மாற்ற முயன்றால் அறையில் சச்சரவுதான் மிஞ்சும். அதன் நடுவே படுத்திருப்பவர் நீங்கள். ஆகவே மருத்துவர்மீது நம்பிக்கை இல்லாததை ஈடுகட்ட டூலாவைத் தேடாதீர்கள். நம்பிக்கை இல்லையென்றால் மருத்துவரை மாற்றுங்கள். ஏழாம் மாதத்தில் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

உங்கள் மருத்துவர் ஏன் அவசியமில்லை என்றார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பிரிவில் வலி நிலைபெற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு செவிலியர் முழு நேரமும் இருப்பார் என்று அவர் சொன்னால், அது உண்மையிலேயே நல்ல காரணம். அறையில் ஒருவருக்கு மேல் அனுமதி இல்லை என்பது வேறு காரணம். அப்போது கணவரா டூலாவா என்று நீங்கள் தேர்ந்தெடுக்க நேரிடும், அந்த நிலையில் பெரும்பாலான பெண்கள் கணவரையே விரும்புவார்கள். முன்பு ஒரு டூலா மருத்துவ முடிவுகளில் குறுக்கிட்ட கசப்பான அனுபவம் அவருக்கு இருந்திருக்கலாம். அவர் பதிலில் எரிச்சல் மட்டுமே இருந்து காரணம் இல்லையென்றால், பிரசவ நேரத்தில் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் அதே எரிச்சல்தான் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் ஒரு செவிலியர் எத்தனை தாய்மாரைப் பார்க்கிறார், வலியின்போது நடமாடலாமா, துணைக்கு இருப்பவர் மாறி மாறி வரலாமா என்பவற்றை மருத்துவரிடம் கேட்பதோடு பிரசவப் பிரிவுக்கே நேரில் போய்ச் செவிலியரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் செவிலியர் சொன்னதை நம்புங்கள்.

டூலாவால் பெரிதும் பயனடைபவர்கள் சிலரைக் குறிப்பிட வேண்டும். முதல் பிரசவம் என்பதோடு உடன் நிற்க நெருங்கியவர் எவரும் இல்லாதவர்கள், முந்தைய பிரசவத்தில் மனம் நொந்தவர்கள், குழந்தையை இழந்தவர்கள், சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்கள், மருத்துவமனையில் பேசப்படும் மொழி சரளமாக வராதவர்கள். வலியின் நடுவே இன்னொரு மொழியில் யோசித்துப் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மறுபுறம், நாள் குறித்த சிசேரியன் என்றால் அறுவை அரங்கில் டூலாவுக்குச் செய்ய அதிகம் இருக்காது. அந்தப் பணத்தைப் பிரசவத்துக்குப் பிந்தைய உதவிக்குச் செலவிடலாம். முதல் பிரசவம் எளிதாக நடந்து இரண்டாவதற்குக் காத்திருப்பவர்களுக்கும் அவசியம் குறைவு. அறிமுகமில்லாத ஒருவர் தன்னை அந்த நிலையில் பார்ப்பதையே விரும்பாத பெண்களும் உண்டு. அந்த உணர்வைப் புறக்கணிக்க வேண்டாம். கூச்சம் இருக்கும் இடத்தில் உடம்பு இளகாது.

எபிடூரல் என்ற, முதுகில் செலுத்தி இடுப்புக்குக் கீழே வலியை மரக்கச் செய்யும் மருந்தைப் போட்டுக்கொள்ள முடிவு செய்திருப்பவருக்கு டூலா எதற்கு என்று நினைக்கலாம். அதைப் போடும் வரை எத்தனையோ மணி நேரம் வலி இருக்கும். போட்ட பின் கால்கள் மரத்து, தானே திரும்பிப் படுக்க இயலாமல் போகலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கால்களுக்கு இடையே பந்தோ தலையணையோ வைப்பது, நேரம் பார்த்து மறுபக்கம் திருப்புவது, முக்க வேண்டிய கட்டத்தில் எங்கே அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று உணர்த்துவது என்று அப்போதும் வேலை இருக்கிறது. எதிர்பாராமல் சிசேரியன் ஆனால், குழந்தையைப் பரிசோதனைக்கு எடுத்துப் போகும்போது கணவர் குழந்தையோடு போகலாம். மருத்துவமனை அனுமதித்தால் டூலா உங்களோடு இருக்கலாம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். பெரும்பாலான நாடுகளில் டூலாவாக இருக்க அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. சில நாள் பயிற்சி வகுப்பு முடித்த எவரும், ஏன், முடிக்காத எவரும், தம்மை டூலா என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகவே சான்றிதழைப் பார்த்து ஓய்ந்துவிடாமல், அவர் உடனிருந்த பிரசவங்களைப் பற்றிப் பேசவையுங்கள். நினைத்தபடி நடக்காத ஒரு பிரசவத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அந்தத் தாயை மையமாக வைத்துப் பேசுகிறாரா, தன் திறமையை மையமாக வைத்துப் பேசுகிறாரா, மருத்துவர்களைக் குற்றம் சாட்டியே பேசுகிறாரா என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும். நான் நடுவில் எபிடூரல் கேட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியதைப் பெற உதவுவேன் என்பதுதான் சரியான பதில். வேண்டாம் என்று உங்களைத் தேற்றுவேன் என்றால், அவர் தம் கொள்கைக்காக வருகிறார், உங்களுக்காக வரவில்லை.

சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் தருபவர், பரிசோதனைகளைத் தவிர்க்கச் சொல்பவர், மருத்துவரிடம் எதையாவது மறைக்கச் சொல்பவர், பத்தியப் பொருளோ எண்ணெயோ விற்பவர், மருத்துவ உதவியின்றி வீட்டில் பிரசவிக்கத் தூண்டுபவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலியின் தொடக்கக் கட்டத்தை வீட்டில் கழிக்க டூலா உதவுவது நல்லதுதான்; கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகே பிரசவம் தீவிரக் கட்டத்தை எட்டுவதாக உலக சுகாதார நிறுவனமும் வரையறுக்கிறது, அதற்கு வெகு முன்பே போய்ப் படுத்துக்கொண்டால் தேவையற்ற தலையீடுகளுக்கு வாய்ப்பு கூடும். ஆனால் இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், பனிக்குடம் உடைந்து பச்சையாகவோ பழுப்பாகவோ நீர் வருதல், கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் டூலாவைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பனிக்குட நீர் தெளிவாக இருந்தாலும் மருத்துவமனைக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதை நீங்கள் சொல்வதற்கு முன் டூலாவே உங்களிடம் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் அவர் பொறுப்பானவர்.

பேசிய ஏற்பாட்டை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், 38ஆம் வாரத்திலிருந்து 42ஆம் வாரம் வரை எந்த நேரத்தில் அழைத்தாலும் வருவதாக ஒப்புக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். கட்டணத்தின் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புக்கே. அந்த வாரங்களில் அவர் வேறு எத்தனை பேரை ஏற்றிருக்கிறார், அவர் வர முடியாவிட்டால் மாற்றாக யார் வருவார், அந்த மாற்று ஆளை நீங்கள் முன்கூட்டியே பார்க்க முடியுமா, அவர் வந்து சேரும் முன் குழந்தை பிறந்துவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார் என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டணம் கைக்கு எட்டவில்லையென்றால் பயிற்சியில் இருக்கும் டூலாக்களை விசாரியுங்கள்; சான்றிதழ் பெற அவர்கள் சில பிரசவங்களில் உடன் இருந்தாக வேண்டும் என்பதால் குறைந்த கட்டணத்துக்கு வருவார்கள்.

அதுவும் இயலாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 600 பெண்களிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், கர்ப்பிணி தானே தேர்ந்தெடுத்த ஒரு தோழிக்கோ உறவுப் பெண்ணுக்கோ இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், பயிற்சி கொடுத்தார்கள். சிசேரியன் விகிதம் மாறவில்லை. ஆனால் பிரசவ நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. உங்கள் அக்காவோ, சித்தியோ, பிள்ளை பெற்ற தோழியோ நிதானமானவராக இருந்தால், அவரையும் கணவரையும் பிரசவ வகுப்புக்கு அழைத்துப் போங்கள். தன் பிரசவத்தில் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லி அச்சுறுத்தும் இயல்புள்ளவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் அவரைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் நிலையைப் பொறுத்தவரை, கணவர் உடன் இருப்பார் என்பதால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, பிரசவப் பிரிவில் ஒரு செவிலியருக்கு எத்தனை பேர் என்பதையும், கணவர் இரத்தத்தையும் அலறலையும் எப்படித் தாங்குவார் என்பதையும் விசாரித்துவிடுங்கள். இரண்டாவதை அவரிடமே மனம்விட்டுக் கேளுங்கள், சில ஆண்கள் கேட்டால்தான் சொல்வார்கள். இரண்டு பதிலும் தெம்பளித்தால் டூலா இல்லாமலே போகலாம். இல்லையென்றால் 32ஆம் வாரத்துக்குள் இரண்டு மூன்று டூலாக்களை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். அதற்கு மேல் தாமதித்தால் நல்லவர்கள் அந்தத் தேதிகளுக்கு வேறு இடத்தில் ஒப்புக்கொண்டிருப்பார்கள். யாரை அமர்த்தினாலும், அவர் பெயரை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, அவர் அறைக்குள் வர அனுமதி உண்டு என்பதை உங்கள் மருத்துவக் கோப்பிலேயே எழுதிவைக்கச் செய்யுங்கள். வலியோடு போய் இறங்கும்போது இரவுப் பணியில் இருப்பவரிடம் வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.